போர்டு போயிடுச்சு சார்!

இந்த வாக்கியத்தைக் கேட்காதவங்க கம்ப்யூட்டரே வாங்காதவங்களாத்தான் இருக்கணும். சர்வீஸ் சென்டர்ல கொடுத்தா உள்ளே எடுத்துட்டுப் போவாங்க. பத்து நிமிஷத்துல வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவாங்க. "போர்டு போயிடுச்சு சார், மாத்திடலாம்." சரிங்க, போர்டுல எது போச்சுன்னு கேட்டுப் பாருங்களேன். பதில் வராது. தேடியிருந்தாத்தானே வரும்?

என் கட்சி இதுதான் மக்களே: 'போர்டு போயிடுச்சு'ங்கிறது நோயைக் கண்டுபிடிச்சுச் சொல்றது இல்லை, வியாபாரப் பேச்சு. ஒரு மதர்போர்டுல நூத்துக்கணக்கான பாகங்கள் இருக்கு. அத்தனையும் ஒரே நாள்ல மண்டையைப் போடாது. ஒண்ணோ ரெண்டோதான் போயிருக்கும். அதைத் தேடிப் பிடிக்கிறதுக்குப் பேர்தான் ரிப்பேர். தேடாம மொத்தத்தையும் மாத்தறது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தற கதை.

எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரை எடுத்துக்குங்க. பழைய போர்டுகள்ல பிராசசரைச் சுத்திக் குட்டி டப்பா மாதிரி வரிசையா நிக்குமே, அதேதான். உள்ளே திரவம் இருக்கு. வருஷக்கணக்கா சூட்டுல நின்னா காய்ஞ்சு போகும், இல்லேன்னா உள்ளே வாயு சேர்ந்து தலை புடைச்சுக்கும். வெடிக்காம அந்த இடத்துல கிழியட்டும்னுதான் தலையில கீறல் போட்டே செய்யறாங்க. அதாவது, பல சமயம் எது போச்சுன்னு வெறும் கண்ணாலேயே பார்த்துடலாம்.

இது அபூர்வமான வியாதியும் இல்லை. 2000-களின் தொடக்கத்துல தரமில்லாத எலக்ட்ரோலைட் ஊத்தின கெப்பாசிட்டர்கள் உலகம் பூரா போர்டுகளைச் சாய்ச்சுது. டெல் கம்பெனி தன்னோட ஆப்டிபிளெக்ஸ் கம்ப்யூட்டர்களைச் சரிபண்ண 2005-ல 300 மில்லியன் டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. சில ரூபாய் பெறுமான டப்பா பண்ணின வேலை!

எங்க சித்தி ஒரு சின்ன ஊர்ல டிடிபி கடை வெச்சிருக்காங்க. எக்ஸ்பியும் பேஜ்மேக்கரும் ஓடற பழைய மெஷின். தை மாச முகூர்த்த சீசன்ல அது படுத்துடுச்சு. சர்வீஸ்காரர் சொன்னது அதே வசனம்தான். அந்த போர்டு இப்ப கடைகள்ல புதுசா வர்றதில்லை. புது மாடல் போர்டு போட்டா பழைய பிராசசர் உக்காராது, பழைய ராம் உக்காராது, எக்ஸ்பிக்கு டிரைவரும் கிடையாது. 'போர்டு மட்டும்'னு ஆரம்பிச்சது மொத்த மெஷினையும் மாத்தறதுல வந்து நிக்கும். பத்து வருஷமா சேத்து வெச்ச பத்திரிகை டிசைன் எல்லாம் அந்தரத்துல. திறந்து பார்த்தா அஞ்சு கெப்பாசிட்டர் தலை புடைச்சிருந்தது. ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கினேன், 100 ரூபாய் கூட ஆகலை. ஒரு ஞாயித்துக்கிழமை மதியத்துல வேலை முடிஞ்சது.

வித்தை ஒண்ணும் பெரிசில்லை. அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர். இதைக் கேட்டு வாங்கணும். கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கணும், பிளஸ் மைனஸை எல்லாக் கம்பெனியும் போர்டுல ஒரே மாதிரி குறிக்கிறதில்லை. பல அடுக்கு போர்டு சூட்டை உறிஞ்சிடும், அதனால 25 வாட் அயன் திணறும். சூட்டைக் கூட்டிக் குறைக்கிற 60 வாட் அயன் நல்லது. ஈயமில்லாத சால்டர் உருக ஏறக்குறைய 217 டிகிரி வேணும். ஈயம் கலந்தது 183-லேயே உருகும். பழைய சால்டர் மேல கொஞ்சம் ஈய சால்டரைக் கலந்துவிட்டா சுலபமா இளகிக் கொடுக்கும்.

"வீட்டுல பண்ணினா ஆபத்து சார்"னு உடனே கிளம்புவாங்க. சில இடங்கள்ல ஆபத்துதான், மறுக்கலை. பவர் சப்ளை டப்பாவைத் திறக்காதீங்க, பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல நிக்கலாம். அடிப்பக்கம் பூரா சால்டர் உருண்டையோட ஒட்டியிருக்கிற சிப்பை வீட்டு அயனால தொட முடியாது. ஜன்னலைத் திறந்து வைங்க, கையைக் கழுவுங்க. அதுக்காக எல்லாத்தையுமே ஆபத்துன்னு சொல்லிப் பயமுறுத்தறது பாதுகாப்பு இல்லைங்க, கல்லாப்பெட்டி.

இது நம்மூர்ப் பிரச்சினை மட்டுமில்லை. அமெரிக்காவுல நியூயார்க் மாநிலம் 2022 டிசம்பர்ல ரிப்பேர் உரிமைச் சட்டம் கொண்டு வந்தது. நல்ல விஷயம்தான். ஆனா கையெழுத்து ஆகறப்போ ஒரு ஓட்டை போட்டாங்க: தனிப் பாகத்தைச் சரியா மாட்டாட்டி காயம்படலாம்னு இருந்தா, கம்பெனி தனிப் பாகம் தர வேண்டாம், மொத்த அசெம்ப்ளியா தரலாம். 'போர்டையே மாத்து'ங்கிற வசனம் சட்டத்துக்குள்ளேயே நுழைஞ்சாச்சு!

கடைசியா நம்ம இஞ்சினியர் ஜாதிக்கு ஒரு வார்த்தை. முதல் வருஷம் பிராக்டிசஸ் லேப்ல எல்லாரும் சால்டரிங் பண்ணினவங்கதானே? ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்கினதோட அயனைக் கீழே வெச்சாச்சு. புரொகிராம்ல பிழை வந்தா வரி வரியாத் தேடறோம். மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா எழுதுன்னு ஒருத்தர் சொன்னா சும்மா விடுவோமா? போர்டு விஷயத்துல மட்டும் ஏன் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டறோம்?

எல்லாரும் சால்டரிங் கத்துக்கணும்னு கூட சொல்லலை. கத்துக்கிட்டா நல்லது, அவ்வளவுதான். ஆனா அடுத்த தடவை யாராவது அந்த வசனத்தைச் சொன்னா, பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டே வார்த்தை கேளுங்க: "எந்த பார்ட்?" பதில் சொல்லத் தெரியாதவருக்கு மாத்தச் சொல்ற யோக்யதை கிடையாது.