விதை விழும் இடமும் பனி விழும் இடமும்

‘மேக விதைப்பு’ என்னும் சொல்லாட்சி ஆங்கிலத்தினின்று அப்படியே பெயர்க்கப்பட்டது. விதைத்த நிலத்திலேயே பயிர் முளைக்கும் என்ற எண்ணத்தை அது வாசகர் மனத்தில் ஓசையின்றி ஊன்றிவிடுகிறது. வானில் நடப்பதோ வேறு. தூவப்பட்ட வெள்ளி அயோடைடு நின்ற இடத்தில் நிற்பதில்லை. நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் காற்று வீசினால், பனிப்படிகம் உருவாகி, பருத்து, தரையைத் தொட எடுத்துக்கொள்ளும் அரைமணி நேரத்தில் அது 27 கிலோமீட்டர் தள்ளிச் சென்றிருக்கும். அந்தத் தொலைவில் இருப்பது அதே மலையா, அடுத்த பள்ளத்தாக்கா என்பதைக் காற்றின் திசையே தீர்மானிக்கிறது.

மலைப்பனிக்கு அடிப்படையும் அத்திசைதான். மலைத்தொடருக்குக் குறுக்காக வரும் ஈரக்காற்று மேலெழுந்து குளிர்கிறது. தொடருக்கு இணையாக ஓடும் காற்றுக்கு அந்த எழுச்சி பெரிதும் வாய்ப்பதில்லை. எழுந்த மேகத்தில், உறைநிலைக்குக் கீழும் உறையாத நீர்த்துளிகள் மிதக்கும். வெள்ளி அயோடைடு அவற்றைப் பனியாக்கத் தொடங்குவது ஏறத்தாழ மைனஸ் 6 டிகிரி செல்சியசிலும் அதற்குக் கீழும்தான். ஆகவே துகள் உரிய உயரத்தை, உரிய குளிரில், உரிய சரிவின்மேல் அடைந்தாக வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் செலவு மட்டுமே மிஞ்சும்.

இதை மெய்ப்பிக்க முனைந்த வயோமிங் ஆய்வு இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்னும் பரவலாகப் படிக்கப்பட வேண்டியது. 2008 முதல் 2014 வரையிலான குளிர்காலங்களில் சியெர்ரா மாட்ரே, மெடிசின் போ என்ற இரு அண்டை மலைத்தொடர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கியதைப்போல ஒன்றில் தூவி, மற்றதை ஒப்பீட்டுக்கு விட்டனர். காற்று குறிப்பிட்ட திசை எல்லைக்குள் இருந்தால் மட்டுமே சோதனை தொடங்கும். அவ்வளவு கவனத்துக்குப் பின்னும், மேற்கிலுள்ள தொடரில் தூவியது சில வேளைகளில் கிழக்கிலுள்ள ஒப்பீட்டுத் தொடரிலும் போய்ச் சேர்ந்தது. தூவாத மலை தூவிய மலையாகிவிட்டால் எதனோடு எதை ஒப்பிடுவது? 154 சோதனைகளில் 118 மட்டுமே முதன்மைப் பகுப்பாய்வுக்குத் தேறின; கிடைத்த உயர்வு 3 விழுக்காடு; அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதிபெறாதது. பிற சான்றுகளையும் மாதிரிக் கணிப்புகளையும் சேர்த்துப் பார்த்து, தகுந்த மேகங்களில் 5 முதல் 15 விழுக்காடு வரை கூடக்கூடும் என்றனர். பின்னாளில் கொள்கை உரைகளில் வலம்வருவது இந்த இரண்டாம் எண். முதல் எண் அடிக்குறிப்புக்கும் வருவதில்லை.

2017இல் ஐடஹோவின் பேயட் ஆற்றுப் படுகையில் நடந்த ஆய்வு வேறு வழியில் சென்றது. விமானம் காற்றின் திசைக்குக் குறுக்காக முன்னும் பின்னுமாகப் பறந்து தூவியது. காற்று அந்தத் தடத்தைக் கீழ்ப்பக்கமாக இழுத்துச் சென்றபோது, ராடார் திரையில் வளைந்து வளைந்து செல்லும் கோடுகளாகப் பனி தெரிந்தது. இயற்கை மேகம் அப்படிக் கோடு கிழிப்பதில்லை. ஐயத்துக்கு இடமில்லாத சான்று அது. அவ்வாண்டு ஜனவரியில் 3 நிகழ்வுகளில் விழுந்த பனிநீர் சுமார் 1.2 லட்சம், 2.4 லட்சம், 3.4 லட்சம் கனமீட்டர் என அளவிடப்பட்டது. ஆனால் அந்நாள்களில் இயற்கைப் பனி மிகக் குறைவாக இருந்ததால்தான் கோடுகள் துலங்கின. கடும்பனி கொட்டும் நாளில் தூவியதன் பங்கு எவ்வளவு என்பதற்கு இந்த எண்கள் விடையாகா.

இந்தியாவுக்கு வருவோம். 2025 அக்டோபர் 28 அன்று டெல்லியின் மேல் தூவியபோது மேகங்களில் ஈரம் குறைவாகவே இருந்ததாக முயற்சியில் ஈடுபட்ட குழுவே கூறியது. மழை சொல்லும்படி பெய்யவில்லை. எனினும் காற்றிலுள்ள நுண்துகள் 6 முதல் 10 விழுக்காடு குறைந்ததாகப் பயன் காட்டப்பட்டது. காற்றின் வேகமோ திசையோ சற்று மாறினாலே நுண்துகள் அதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும் நகரம் அது. தூவாத ஒப்பீட்டுப் பகுதி எது, அங்கே காற்று எப்படி வீசியது என்று சொல்லாமல் அந்த விழுக்காட்டை வெளியிடுவது ஆய்வு முடிவு ஆகாது, செய்திக்குறிப்பு மட்டுமே. சோலாப்பூரில் புனே வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் நடத்திய ஆய்வு 276 மேகங்களை எடுத்து, தூவியவற்றையும் தூவாதவற்றையும் ஒப்பிட்டே தன் முடிவைச் சொன்னது. நம்மிடம் முன்மாதிரி இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது.

மழைமேகத்துக்கும் கீழ்க்காற்றுக்கும் ‘கொண்டல்’ என ஒரே பெயர் வைத்த மொழி தமிழ். காற்றைப் பிரித்துவிட்டு மேகத்தை மட்டும் பேசும் பழக்கம் நமக்குப் பிற்காலத்தில் ஒட்டியது போலும்.

இமயத்தில் இத்தகைய திட்டம் எப்போதேனும் முன்மொழியப்பட்டால் சிக்கல் இன்னும் கடுமையாகும். மேற்கத்திய இடையூறு நெருங்கும்போது தெற்கு, தென்மேற்குத் திசைகளிலிருந்து வீசும் காற்று, அது கடந்தபின் வடமேற்குக்கு மாறிவிடும். காலையில் காற்றை எதிர்கொண்ட சரிவு மாலையில் மறைவுப் பக்கமாகலாம். எனவே எந்தத் திசைக் காற்றில் தூவப்படும், எந்தச் சரிவு தூவாமல் விடப்படும் என்பவற்றை முதல் விமானம் எழும்புமுன் எழுத்தில் பதிவுசெய்து வெளியிட வேண்டும். தூவியும் பனி கூடாத நாள்களின் பட்டியலும் அதே அறிக்கையில், அதே எழுத்தளவில் அச்சாக வேண்டும்.