தங்கத்தாத்தாவுக்கு மாலை போதும், பிள்ளைக்குப் புத்தகம் கொடுங்கள்

ஒக்டோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதத்தில் ஒரு நூலக விழாவுக்குப் போனவர் இன்னொன்றுக்குப் போகத் தேவையில்லை. மங்கள விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, பிரதம விருந்தினருக்குப் பொன்னாடை, கடைசியில் சான்றிதழ். நடுவில் ஒரு மேசையில் சிறுவர் எழுத்தாளர் ஒருவரின் படம், கழுத்தில் மாலையோடு இருக்கும். பிள்ளைகள் பின்வரிசைக் கதிரைகளில் காலாட்டிக்கொண்டு சிற்றுண்டி எப்போது வரும் என்று பார்த்திருப்பார்கள்.

மல்லாவியில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இந்த விழாக்களுக்கு நடுவராகக் கூப்பிடுவார்கள். வன்னியில் ஒரு நூலகம், ஊர்ப் பெயர் வேண்டாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் நினைவாகப் பேச்சுப் போட்டி வைத்தார்கள். மேடையேறிய பிள்ளைகள் அவர் பிறந்த ஆண்டு, ஊர், பாடிய நூல்கள் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தார்கள். முதலிடம் பெற்ற பிள்ளையைக் கூப்பிட்டு, "புலவரின்ர கத்தரி வெருளி பாட்டுத் தெரியுமோ, மகள்?" என்று கேட்டேன். "அது எழுதித் தரேல்லை ரீச்சர்" என்றாள். சிறுவர் பகுதி அலுமாரி அன்று முழுக்கப் பூட்டிக் கிடந்தது. திறப்பு வைத்திருந்தவர் விருந்தினருக்குத் தேநீர் கொடுக்கும் அலுவலில் நின்றார்.

அந்தப் பிள்ளையில் பிழை இல்லை. எழுதிக் கொடுத்ததை அவள் திறமாகவே சொன்னாள். பிழை எங்கள் கொண்டாட்டத்தில் இருக்கிறது. சிறுவருக்காக எழுதிய ஒருவரைச் சிறுவர் வாசிக்காமலே கொண்டாடலாம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

சோமசுந்தரப் புலவர் 1878இல் பிறந்து 1953இல் காலமானவர். வட்டுக்கோட்டையில் படிப்பித்தவர். பனையைப் பற்றித் 'தாலவிலாசம்' பாடினார், 'உயிரிளங்குமரன்' என்ற நாடகம் எழுதினார். ஆனாலும் ஊர் அவரைத் 'தங்கத்தாத்தா' என்று நினைவில் வைத்திருப்பது சின்னப் பிள்ளைகளுக்கு அவர் செய்த பாட்டுகளால்தான். பெரிய புலவர்கள் பிள்ளைகளுக்குப் பாடும்போது வழமையாகப் புத்திமதி சொல்வார்கள். இவர் கூழ், கொழுக்கட்டை, தோட்டத்து வெருளி, பால் விற்றுப் பணக்காரியாகப் போவதாகக் கனவு கண்டு நடக்கும் பவளக்கொடி என்று பிள்ளையின் கண்ணுக்கும் நாக்குக்கும் எட்டுவதைப் பாடினார். புத்திமதி இருந்தாலும் அது சிரிப்புக்குப் பின்னால்தான் வரும்.

இந்தப் பாட்டுகளின் பெறுமதி எனக்கு விளங்கியது 2009இல், போரில் இடம்பெயர்ந்து நாங்கள் இருந்த மெனிக் பாம் முகாமில். எங்களிடம் புத்தகமும் இல்லை, கொப்பியும் இல்லை. கூடார வாசலில் பிள்ளைகளை இருத்தி, மனப்பாடமாக இருந்ததைத்தான் சொல்லிக் கொடுத்தோம். ஆடி பிறந்தபோது மாவும் இல்லை, பனங்கட்டியும் இல்லை. 'ஆடிப்பிறப்பு' பாட்டு இருந்தது. ஒரு பிள்ளை பாடிவிட்டு, கூழ் எப்படி இருக்கும் என்று கேட்டது. பிறந்ததிலிருந்து இடம்பெயர்ந்துகொண்டே இருந்த பிள்ளை அது. அதற்கு ஆடிக்கூழைத் தெரிய வைத்தது தாயின் அடுப்பு அல்ல, தாத்தாவின் பாட்டு.

ஆகவே நான் கேட்பது விழாவை நிறுத்துங்கள் என்றல்ல, மாற்றுங்கள் என்று.

முதலில் மாதத்தை மாற்றலாம். ஒக்டோபரில் வன்னியில் என்ன நடக்கும் என்பது வன்னியாருக்குத் தெரியும். காலபோக விதைப்பு. தாய் தகப்பன் வயலில், வானம் மழைக்கு இருட்டிக்கொண்டு நிற்கும். பின்னேரம் பிள்ளையை நூலகத்துக்குக் கூட்டிவர வீட்டில் ஆள் இருக்காது. தங்கத்தாத்தா காலமானது யூலை 10. ஆடிப்பிறப்பு அதற்கு ஒரு கிழமை கழித்து வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தக் கிழமையை எங்கள் நூலகங்கள் தங்கத்தாத்தா கிழமையாக எடுத்தால் என்ன? டென்மார்க் எழுத்தாளர் அன்டர்சனின் பிறந்த நாளான ஏப்ரல் 2ஐ, 1967 முதல் உலகம் சிறுவர் நூல் நாளாகக் கொண்டாடுகிறது. எங்களுக்கும் எழுத்தாளர் இருக்கிறார், நாளும் இருக்கிறது.

என்ன செய்யலாம்? காசு பெரிதாக வேண்டாம். வெருளி கட்டும் போட்டி வையுங்கள். பழைய சேட்டு, வைக்கோல், உடைந்த பானை இவை எந்த வீட்டிலும் கிடைக்கும். கட்டி முடித்த வெருளிக்கு முன்னால் நின்று அந்தப் பாட்டைப் பாடட்டும். குரங்கும் மயிலும் தோட்டத்துக்கு வரும் ஊர் இது. எங்கள் வெருளி எதை வெருட்டுகிறது, எதை வெருட்ட முடியவில்லை என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு கதை இருக்கும். அதை எழுத வைத்தால் அதுவே கட்டுரைப் போட்டி. பவளக்கொடியை நடிக்க வைக்கலாம், ஒரு குடமும் ஒரு சால்வையும் போதும். ஆடிப்பிறப்பு அன்று நூலக முற்றத்தில் தாய்மார் கூழ் காய்ச்சட்டும். பயறும் பனங்கட்டியும் தேங்காய்ப்பாலும் மணக்கும் இடத்துக்குப் பிள்ளை வரும். வந்த பிள்ளைக்கு அலுமாரியைத் திறந்து விடுங்கள். மட்டக்களப்பின் கதைசொல்லி மாஸ்டர் சிவலிங்கம் இருந்த காலத்தில், அவர் கதை சொன்னால் நரியும் குரங்கும் மேடைக்கே வந்துவிடும். அப்படி ஒருவர் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு ஊரிலும் கதை தெரிந்த ஓர் அப்பம்மா இருக்கிறா. பிரதம விருந்தினர் கதிரையை ஒரு நாளைக்கு அவவுக்குக் கொடுங்கள்.

பாட்டுப் புத்தகத்துக்கு எங்கே போவது என்று நூலகர்கள் கேட்பார்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதியவர் காலமாகி 70 ஆண்டுகள் வரைக்கும்தான் இலங்கையில் பதிப்புரிமை. தங்கத்தாத்தா தானே எழுதியவற்றுக்கு அந்தக் காலம் 2023உடன் முடிந்துவிட்டது. அவருடைய பாட்டுகளை இன்று எந்தப் பிரதேச சபையும், எந்தச் சனசமூக நிலையமும் யாரிடமும் கேளாமல் அச்சிடலாம். அச்சகத்துக்குக் காசில்லாவிட்டால் போட்டோக் கொப்பி எடுத்துத் தைத்துக் கொடுக்கலாம். விழாவுக்கு வாங்கும் பொன்னாடைகளில் இரண்டைக் குறைத்தால் ஒரு வகுப்புக்குக் காணும். படங்களைப் பிள்ளைகளே கீறட்டும்.

அடுத்தது அங்கத்துவம். சில நூலகங்களில் பிள்ளை ஒரு புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகப் படிவம், பிணையாளர் கையெழுத்து, உறுதிப்படுத்தல் என்று பெரியவருக்கே களைப்பு வரும். தோட்ட வேலைக்குப் போகும் தாய் அரை நாள் கூலியை விட்டு இதற்கு அலைவாளா? பாடசாலை அதிபரின் ஒரு கடிதத்தை வகுப்பு முழுவதற்கும் பிணையாக ஏற்கலாம். புத்தகம் கிழிந்தால் கிழியட்டும். கிழியாமல் மஞ்சளாகிப் போன சிறுவர் புத்தகத்தைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

மறுத்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். தங்கத்தாத்தா யாழ்ப்பாணத்தார், வன்னிக்கு அவர் எதற்கு என்று ஒருவர் என்னிடமே கேட்டார். வவுனிக்குளத்தின் கீழ் காணி எடுத்து வந்தவர்களில் யாழ்ப்பாணத்தார் இருக்கிறார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆடிக்கூழ் எல்லா வீட்டுப் பழக்கமும் அல்ல என்பது உண்மை. அதனால் அவரோடு நிற்கத் தேவையில்லை. அவரில் தொடங்குவோம். ஒரு மாதம் மலையகத்துப் பாட்டியின் தாலாட்டு, ஒரு மாதம் குளக்கட்டுக் கதைகள், ஒரு மாதம் தமிழ்நாட்டின் அழ. வள்ளியப்பாவின் சிறுவர் பாட்டுகள். தன் ஊரின் வெருளியைப் பாட்டில் கண்ட பிள்ளைதான் பிறகு தான் காணாத ஊரையும் புத்தகத்தில் தேடும்.

இன்னொரு மறுப்புப் பெற்றோரிடமிருந்து வருகிறது: "புலமைப்பரிசில் வருது ரீச்சர், கதைப் புத்தகம் பிறகு பாப்பம்." வினாத்தாளை விளங்கி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்குப் பழைய வினாத்தாள் கட்டுக் கட்டாகக் கொடுத்து என்ன பலன்? வகுப்பில் நான் கண்டது, கதை வாசிக்கும் பிள்ளைக்கு வினா விளங்குவதில் கரைச்சல் குறைவு என்பதுதான்.

பிரதேச சபைகளுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வரும் யூலையில் விழா அழைப்பிதழ் அடிக்கும்போது பிரதம விருந்தினர் பெயருக்கு விடும் இடத்தில் ஒரு பாட்டை அச்சிடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று அறிக்கை எழுதுவதற்குப் பதிலாக, எத்தனை பிள்ளைகள் புத்தகத்தோடு வீட்டுக்குப் போனார்கள் என்று எழுதுங்கள். பெற்றோரே, அந்தப் புத்தகம் வீட்டுக்கு வந்தால் அன்றிரவு பத்து நிமிடம் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.