லாரி டயர்: அளவு சரி... எடையைத் தாங்குமா?

காலை ஆறரை மணிக்குத் தீவு விரைவுச்சாலையில் போனால் அந்தக் காட்சியைப் பார்க்காமல் இருக்கமுடியாது. கூரை போட்ட சிறிய லாரி, பின்னால் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஊழியர்கள், அவர்களின் காலடியில் கருவிப் பெட்டிகள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் நிறைய பேர்.

லாரிகளில் ஊழியர்களை ஏற்றிச் செல்வது பற்றிச் சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக விவாதம் நடக்கிறது. 2023 ஜனவரி முதல் மழைத் தடுப்பு வேண்டும், ஓட்டுநர் களைப்படையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் உடன் இருக்கவேண்டும் என விதிகள் வந்தன. 3,501 கிலோகிராம் முதல் 12,000 கிலோகிராம் வரை எடையுள்ள லாரிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. 3,500 கிலோகிராமுக்கு உட்பட்ட இலகு லாரிகள் அந்த வரம்புக்குள் வருவதில்லை.

இவ்வளவு பேச்சிலும் அவ்வளவாக அடிபடாத ஒன்று டயர். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சாலையைப் பிடிப்பது டயர்தான். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

"அதே சைஸ்தாண்ணே, மாட்டிக்கலாம்"

டயர் கடையில் நீங்கள் கேட்கக்கூடிய ஆபத்தான வசனம் இதுதான். அளவு ஒன்றாக இருந்தாலும் தாங்கும் எடை ஒன்றாக இருக்காது.

டயரின் பக்கவாட்டைப் பாருங்கள். 195/70 ஆர்15சி 104/102ஆர் என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். 195 என்பது மில்லிமீட்டரில் அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. 15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். இதுவரை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். முக்கியமானது அதற்குப் பிறகு வருவது.

15-ஐ ஒட்டி வரும் 'சி' என்ற எழுத்து, இது வர்த்தக வாகனத்துக்கான டயர் என்பதைக் காட்டுகிறது. உள்ளே அதன் கட்டமைப்பு வலுவானது. அடுத்து வரும் 104, 102 இரண்டும் எடைக் குறியீடுகள். 104 என்றால் ஒரு டயர் 900 கிலோகிராம் தாங்கும். 102 என்றால் 850. ஏன் இரண்டு எண்கள்? ஒரு பக்கத்தில் ஒரே டயர் இருந்தால் முதல் எண், இரட்டை டயர் இருந்தால் இரண்டாவது எண். கடைசியில் உள்ள 'ஆர்' மணிக்கு 170 கிலோமீட்டர் வேகத்தைக் குறிக்கிறது. பின்னால் 70 என்று வில்லை ஒட்டிய வண்டிக்கு அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

இப்போது சாதாரண காருக்கான டயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 195/65 ஆர்15, குறியீடு 91. அகலம் அதே 195, ரிம் அதே 15. ஆனால் தாங்குவது 615 கிலோகிராம்தான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பின் அச்சில் பக்கத்துக்கு ஒரு டயர் உள்ள சிறிய லாரி. 104 குறியீட்டு டயர் என்றால் அந்த அச்சு 1,800 கிலோகிராம் வரை தாங்கும். 91 குறியீடு என்றால் 1,230. இடைவெளி 570 கிலோகிராம். ஆளுக்கு 65 கிலோகிராம் என்றால் கிட்டத்தட்ட ஒன்பது பேர். டயர் மாற்றும்போது சில பத்து வெள்ளியை மிச்சம் பிடிப்பவர், அந்த ஒன்பது பேரை டயரால் தாங்கமுடியாத எடையாக ஆக்கிவிடுகிறார்.

ஆகவே முதலில் பார்க்கவேண்டியது டயர் கடையின் விலைப்பட்டியல் அல்ல. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் வில்லை, அல்லது வாகனக் கையேடு. அதில் சொல்லியிருக்கும் அளவும் எடைக் குறியீடும் கிடைக்கவேண்டும். கூடுதல் குறியீடு இருந்தால் பரவாயில்லை. குறைவாக இருந்தால் வேண்டாம். ஆனால் கூடுதல் குறியீட்டு டயர் மாட்டியதால் லாரியில் கூடுதல் சுமை ஏற்றலாம் என்று நினைக்காதீர்கள். லாரிக்கு அனுமதிக்கப்பட்ட ஆக அதிக எடை மாறாது.

காற்று எவ்வளவு?

நல்ல டயர் வாங்கிவிட்டுக் காற்றில் கோட்டைவிடுபவர்கள்தான் அதிகம். காரில் 230 கிலோபாஸ்கல் அடித்துப் பழகிய கை, லாரிக்கும் ஏறக்குறைய அதையே அடிக்கும். மேலே சொன்ன வகை டயர் தன் முழு எடையைத் தாங்க 450 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 65 பிஎஸ்ஐ தேவைப்படலாம். முன்னுக்கும் பின்னுக்கும் அளவு வேறாக இருக்கலாம். அதுவும் அதே வில்லையில் இருக்கும்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்? சுமையின் கீழ் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும். அதில் சூடு பிறக்கும். சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இழைகளுக்கும் இடையே பிடிப்பு தளரும். பிறகு விரைவுச்சாலையில் டயர் வெடித்ததாகச் சொல்கிறோம். அது அந்த நிமிடத்தில் நடந்ததல்ல. பல வாரங்களாக உள்ளே நடந்தது. காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

இரட்டை டயர் உள்ள லாரி என்றால் உள்பக்க டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அதில் காற்று குறைந்தால் வெளி டயர் அதன் சுமையையும் சேர்த்துச் சுமக்கும். தேய்ந்த டயரையும் புதிய டயரையும் ஒரே பக்கத்தில் ஜோடி சேர்த்தாலும் இதே கதைதான்: விட்டம் பெரிதாக உள்ளது அதிகம் சுமக்கும். இரண்டுக்கும் இடையே கல் சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வரும் வண்டிகளில் இது சர்வசாதாரணம்.

மழையும் 'போத்தாக்' டயரும்

சட்டப்படி டயரின் பள்ளம் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். பள்ளத்துக்குள் சிறு மேடுகள் இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் கதை முடிந்தது. நம் ஊர் மழைக்கு 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது என்பேன். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாலையில் தேங்கும் நீரை வெளியே தள்ள அந்தப் பள்ளம்தான் வழி.

சுமை ஏற்றிய லாரிதான் வழுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்களை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் லாரியும் ஆபத்தானதே. பின் சக்கரங்களை அழுத்த எடை இல்லாததால் ஈரச் சாலையில் பிடிப்பு குறையும்.

மண்ணில் ஏறுவதற்காகப் பெரிய கட்டை போட்ட டயர் வேண்டுமா? வேலை முழுக்கச் சேற்றில் என்றால் சரி. பெரும்பாலான சிங்கப்பூர் லாரிகள் நாளில் சில நூறு மீட்டர் சேற்றிலும் மீதித் தூரம் தார்ச்சாலையிலும்தான் ஓடுகின்றன. அவற்றுக்கு நீளவாக்கில் பள்ளம் உள்ள டயரே போதும், சத்தமும் குறைவு.

மலிவு விலை டயர்

ஜொகூர் பாருவில் விலை குறைவு என்று போகிறவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பள்ளம் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும். வெயிலில் நிற்கும் வண்டிக்குச் சீக்கிரமே வெடிப்பு விழும். 5 ஆண்டு ஆன டயரை ஆண்டுதோறும் சோதிக்கும்படியும் 10 ஆண்டைத் தாண்டியதைப் பயன்படுத்தவேண்டாம் என்றும் டயர் நிறுவனங்கள் பல சொல்கின்றன.

பழைய டயரில் புது ரப்பர் ஒட்டிய டயரை ஒட்டுமொத்தமாக ஒதுக்கவேண்டியதில்லை. பெரிய லாரிகள் பல அதில்தான் ஓடுகின்றன. முன் சக்கரத்தில் மட்டும் அதைப் போடாதீர்கள். முன் டயர் வெடித்தால் ஸ்டியரிங் கையில் நிற்காது.

யார் கேட்பது?

பல நிறுவனங்களில் லாரி ஓட்டுபவரும் ஓர் ஊழியர்தான். வேலையும் செய்கிறார், வண்டியும் ஓட்டுகிறார். டயர் போத்தாக் ஆகிவிட்டது என்று முதலாளியிடம் சொல்ல அவருக்குத் தயக்கம் இருக்கும். மோசமான டயருடன் வண்டி சாலைக்கு வந்தால் ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்ட அனுமதித்தவரும் பதில் சொல்லவேண்டியிருக்கும். நீங்கள் ஓட்டுநர் என்றால் டயரைப் படம் எடுத்து, தேதியுடன் மேற்பார்வையாளருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிவிடுங்கள். வாய்ச்சொல்லைவிட அது நிற்கும்.

நீங்கள் முதலாளி என்றால் டயர் மாற்றியதும் ரசீதில் அளவோடு எடைக் குறியீட்டையும் எழுதித் தரச் சொல்லுங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கரத்தின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கவும் சொல்லிவையுங்கள்.