எந்த வெளிச்சத்தில் சோதித்தார்கள்?

வீட்டில் வெயில் தடுப்புக் களிம்பு இருந்தால் அதன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் டைட்டேனியம் டை ஆக்சைடு என்று எழுதியிருக்கும். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் வரும் அளவைவிடச் சிறிய நானோ துகள்களாகவும் அதைச் செய்து சேர்க்கிறார்கள். குளித்தால் கழுவப்பட்டு வடிகாலுக்குப் போகும். அங்கிருந்து ஆற்றுக்கும் போகலாம்.

ஆற்று உயிர்களுக்கு அதனால் கெடுதலா என்று கேட்டால், “சோதித்தாயிற்று” என்று யாராவது சொல்லக்கூடும். எந்த வெளிச்சத்தில் சோதித்தார்கள் என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டும்.

டைட்டேனியம் டை ஆக்சைடு இருட்டில் சாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் அதன் எலக்ட்ரான்கள் கிளர்ச்சியடைகின்றன. நீரும் ஆக்சிஜனும் அவற்றோடு வினைபுரிய, ஹைட்ராக்சில் போன்ற தீவிரமான கூறுகள் பிறந்து உயிரணுவின் சவ்வைத் தாக்குகின்றன. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் நீர்த்தெள்ளு என்ற சிற்றுயிரைச் சோதித்தார்கள். சாதாரண ஆய்வக வெளிச்சத்தில், லிட்டருக்கு 500 மில்லிகிராம் துகள் இருந்தும் பாதி உயிர்கள்கூடச் சாகவில்லை. சூரிய ஒளியைப் போன்ற விளக்கின் கீழ், ஏறக்குறைய 0.03 மில்லிகிராமே பாதியைக் கொன்றுவிட்டது. துகளும் அதேதான், உயிரும் அதேதான்.

பல நாடுகள் பின்பற்றும் ஓஇசிடி அமைப்பின் 202ஆம் சோதனை வழிகாட்டி, நீர்த்தெள்ளுச் சோதனையை முழு இருட்டிலும் செய்ய அனுமதிக்கிறது. கோல சிலாங்கூர் ஆற்றில் முழு இருட்டு எப்போது? கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகேறும் நேரத்தில்தான். பகலில் நம் தலைக்கு மேல் இருப்பது நிலநடுக்கோட்டு வெயில்.

வெயிலை மட்டும் சொல்லிப் பயமுறுத்தினால் பாதி உண்மையை மறைத்தவனாவேன். நம் தண்ணீருக்கும் ஒரு குணம் உண்டு. வட சிலாங்கூரின் கரிமண் சதுப்புக் காட்டை ஒட்டி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும், அங்கே கால்வாய்த் தண்ணீர் தே ஓ நிறத்தில் ஓடும். இலையும் கட்டையும் மட்கிக் கரைந்த ஹியூமிக் பொருள்தான் அந்த நிறம். அது புற ஊதாக் கதிரை உறிஞ்சுகிறது. துகளின் மேல் போர்வைபோல் படிந்து அதன் வேகத்தையும் குறைக்கக்கூடும். ஆனால் கிருமிநாசினித் துணிகளிலிருந்து கரையும் வெள்ளியிடம் கதை தலைகீழ். வெயிலும் ஹியூமிக் பொருளும் சேர்ந்தால், கரைந்த வெள்ளியே மீண்டும் நானோ துகளாகிவிடும்!

ஆகவே குழாய்விளக்கின் கீழ், தெளிந்த நீரில் கிடைத்த ஒரு முடிவை நம் ஆற்றுக்கு அப்படியே பொருத்துவதை நான் ஏற்கவில்லை. சிலாங்கூர் ஆற்று நீரையும் கரிமண் கால்வாய் நீரையும் எடுத்து, திறந்தவெளி வெயிலில் வைத்துச் சோதித்த பிறகே இத்தகைய பொருள்களுக்கு அனுமதி தர வேண்டும். கிள்ளான் பள்ளத்தாக்கின் பெரும்பகுதி குடிப்பது இந்த ஆற்று நீரைத்தான்.

அறிவியல் விழாவுக்குத் தலைப்பு தேடும் படிவம் 4 மாணவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். ரிங்கிட் நோட்டைச் சரிபார்க்கும் புற ஊதா விளக்கை ஒரு கண்ணாடிக் குவளை குழாய்நீர் வழியாக நோட்டின்மேல் அடியுங்கள்; அடுத்து ஒரு குவளை தே ஓ வழியாக அடியுங்கள். விளக்கை நேராகக் கண்ணில் பார்க்காதீர்கள். நோட்டு எந்தக் குவளைக்குப் பின்னால் மங்கலாக ஒளிர்கிறது என்று குறித்துக்கொண்டு, மூன்றாவதாகக் கால்வாய்த் தண்ணீரை வையுங்கள்.