மூன்றாவது குட்டி

பிரிஞ்சாங் தேயிலைத் தோட்டத்து லயத்தில் என் பாட்டி ஆடு வளர்த்தார். ஒருமுறை ஓர் ஆடு மூன்று குட்டி போட்டது. காம்போ இரண்டு. மூன்றாவது குட்டி எப்போதும் தள்ளப்பட்டே கிடக்கும். பால்குடி மறந்தபின் அதற்குத்தான் பாட்டி கூடுதலாகத் தவிடு வைத்தார். ஆனாலும் அது மற்றவற்றின் உயரத்தை எட்டவே இல்லை. சின்னச் சத்தத்துக்கும் மிரளும். "பொறவியிலேயே சோனி" என்றார் பக்கத்து வீட்டு மாமா. "பொறவியெல்லாம் இல்லப்பா, பாலு பத்தல" என்றார் பாட்டி.

பாட்டி சொன்னது அறிவியல் என்று பல்கலைக்கழகத்தில்தான் அறிந்தேன். கேம்பிரிட்ஜில் மெக்கன்ஸும் எல்சி விட்டோசனும் 1960 வாக்கில் ஒரு தாய் எலியிடம் மூன்று குட்டிகளையும், இன்னொரு தாயிடம் பதினைந்து இருபது குட்டிகளையும் விட்டார்கள். பால் குடிக்கும் மூன்று வாரம் மட்டுமே இந்த வேறுபாடு. பிறகு எல்லாவற்றுக்கும் வயிறாரத் தீனி. பால் போதாமல் வளர்ந்தவை கடைசிவரை சிறுத்தே இருந்தன. வளர்ந்தபின் பட்டினி கிடந்த எலிகளோ தீனி கிடைத்ததும் தேறிவிட்டன.

நடத்தையைப் பற்றியது இன்னொரு சோதனை. சத்துக் குறைவோடு தனியே அடைபட்ட எலிகள் மாறுபட்டு நடந்தன. அதே குறைவிருந்தும், கையில் எடுத்துப் பழக்கி, துணையும் விளையாட்டுப் பொருளும் தந்து வளர்த்தவற்றில் அந்த மாறுபாடு பெரும்பாலும் மறைந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் லெவிட்ஸ்கியும் பார்ன்ஸும் 1972இல் இதை வெளியிட்டார்கள்.

எலி வேறு, பிள்ளை வேறுதான். ஆனால் ஒன்றாம் ஆண்டில் 'மந்தம்' என்று பெயர் வாங்கிய என் லயத்து நண்பனை நினைக்கிறேன். கைக்குழந்தை நாளிலிருந்தே அவன் காலையுணவு தேநீரில் தோய்த்த பிஸ்கட். உணவோடு தேநீர் சேர்ந்தால் உடலில் இரும்புச்சத்து சேர்வது குறையும். தேயிலை பறித்தவர் வீட்டுக்கு வந்த வினை பாருங்கள்!

இது பழைய லயத்துக் கதை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, மலேசியாவில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 21.2 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்.

நண்பர்களே, நாம் தோட்டங்களுக்குப் போவது ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்தத்தான். யூ.பி.எஸ்.ஆர். 2021இல் ஒழிந்தது, நம் பழக்கம் ஒழியவில்லை. பன்னிரண்டு வயதில் நாம் தட்டும் கைத்தட்டல், இரண்டு வயதில் கிடைக்காத முட்டைக்கு ஈடாகுமா? அடுத்த முறை மலையேறும்போது முதலில் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்குப் போவோம். முட்டையும் நெத்திலியும் பருப்பும் கொண்டு போவோம். படப்புத்தகங்களையும் மறக்க வேண்டாம். ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசிவிட்டு வருவோம்.