இரவல் அணியும் இரவல் அறிவும்

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிகிறது. 1990 தொடங்கி 2008 வரை பல தடவை கைமாறிய சந்தி அது. அங்கிருந்து சைக்கிளில் பத்து நிமிட தூரத்தில் என் தங்கையின் வீடு. அண்மையில் நான் போயிருந்தபோது அவ்வீட்டில் ஒரு போர் மூண்டிருந்தது. காரணம் ஒரு கைத்தொலைபேசி.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகவேண்டிய மருமகன், இரவு பதினொரு மணிவரை அந்தத் தொலைபேசியில் ஏதோ பூதங்களைச் சண்டைக்கு விட்டுக்கொண்டிருக்கிறான் என்பது குற்றச்சாட்டு. "மச்சான், நீங்கள் பேப்பர்க்காரன். நீங்கள் சொன்னாலாவது கேக்கிறானோ பாப்பம். எனக்குக் கிடைக்காத படிப்பு இவனுக்காவது கிடைக்கட்டும் எண்டுதான் நான் கத்துறன்" என்றார் தங்கையின் கணவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, இடப்பெயர்வில் அந்தப் படிப்பையும் இழந்தவர் அவர். அவரது கோபத்தின் அடியில் கிடப்பது அச்சம். அதை நான் மதிக்கிறேன். ஆகவே, யோசியாமல் தீர்ப்பு வழங்கினேன்: பரீட்சை முடியும்வரை தொலைபேசியை வாங்கிப் பூட்டிவையுங்கள்.

"இரு தரப்பையும் கேட்டபின் எழுது" என்று முப்பது ஆண்டுகளாக இளம் நிருபர்களுக்குப் போதித்துவந்தவன் நான். அன்று ஒரு தரப்பை மட்டுமே கேட்டேன்.

மறுநாட் காலை பையன் ஒரு கொப்பியைக் கொண்டுவந்து என் முன்னே வைத்தான். "மாமா, இதை ஒருக்கால் பாத்திட்டுச் சொல்லுங்கோ." பூதங்களின் படங்களை எதிர்பார்த்துத் திறந்தேன். பக்கம் பக்கமாக எண்கள். பெருக்கல்கள், நூற்றுவீதங்கள், அடித்துத் திருத்திய அட்டவணைகள். ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே கேள்வி பல இடங்களில்: "ஏன் தோற்றேன்?"

விளையாட்டின் பெயர் போக்கிமொன். ஜப்பானில் 1996 பெப்ரவரியில் முதற்பதிப்பு வெளிவந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோர் வன்னியின் மரநிழல்களிலும் கொட்டில்களிலும் வாழ்ந்த ஆண்டு அது. சிறுவயதில் பூச்சி பிடித்துச் சேர்க்கும் பழக்கமுடைய சத்தோஷி தஜிரி என்பவர் அந்தப் பழக்கத்திலிருந்தே இதனை உருவாக்கினார். விசித்திரப் பிராணிகளைப் பிடித்து, வளர்த்து, மோதவிடுவது என்பதே மேலோட்டமான கதை. அந்த அளவில் அது சிறுபிள்ளை விளையாட்டுத்தான்.

போட்டிக்காரர்களின் உலகம் வேறு. 2009 முதல் இதற்கு உலகக் கிண்ணம் நடைபெற்றுவருகிறது. ஆறு பிராணிகளைக் கொண்ட ஓர் அணியை ஆட்டக்காரர் கட்டவேண்டும். அவற்றில் நான்கை மட்டும் ஒவ்வோர் ஆட்டத்திலும் இறக்கலாம்; களத்தில் ஒரே நேரத்தில் இரண்டு நிற்கும். ஒரே பிராணியை இரு தடவை சேர்க்க முடியாது. இரண்டுக்கு ஒரே பொருளைக் கொடுக்கவும் முடியாது. ஒவ்வொன்றுக்கும் நான்கே உத்திகள். தீ, நீர், புல், மின்னல் என வகைகள் பதினெட்டு; எதற்கு எது வலியது என்பது அட்டவணையில் உண்டு. நீரும் பறவையும் கலந்த பிராணியை மின்னல் தாக்கினால் சேதம் நான்கு மடங்கு. 2022 இல் வெளிவந்த ஸ்கார்லெட், வயலட் பதிப்புகளில் ஒவ்வொரு பிராணிக்கும் 510 பயிற்சிப் புள்ளிகள். ஓர் ஆற்றலுக்கு 252க்கு மேல் இடக்கூடாது. வேகத்தைக் கூட்டினால் தாங்கும் வலு குறையும். இத்தனைக்கும் மேலாக, ஒரே தாக்குதலின் சேதம் உச்ச அளவின் 85 முதல் 100 நூற்றுவீதம் வரை பதினாறு படிகளில் மாறக்கூடியது. ஆகவே "தாங்குமா?" என்ற கேள்விக்கு விடை ஆம், இல்லை என்பதாக இராது. "பதினாறில் பதின்மூன்று தடவை தாங்கும்" என்பதாக இருக்கும்.

பையனின் கொப்பியில் இருந்தவை இத்தகைய கணக்குகளே. பாடசாலையில் நிகழ்தகவு அலகைக் கண்டு ஓடுகிறவன் என்று தந்தை சொன்ன அதே பையன்.

இனி, அவன் தோற்ற கதை. இப்பதிவை நான் எழுதுவதற்குக் காரணமே அதுதான்.

விலைகூடிய விளையாட்டுப் பொறி எதுவும் அவனிடம் இல்லை. போக்கிமொன் ஷோடவுன் என்ற இலவச இணையத்தளத்தில், ரீலோட் போட்ட காசில் விளையாடுகிறான். தொடக்கத்தில், வென்ற ஒருவரின் அணியை இணையத்திலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டான். அதில் டோர்கோல் என்ற ஆமை ஒன்று உண்டு. முதுகில் கரி எரியும் ஆமை. அதன் பெருந்தாக்குதல் எரிமலைச் சீற்றம். உடலில் உயிர் முழுமையாக இருந்தால் வலு 150. பாதி உயிர் போய்விட்டால் 75. ஆகவே அடி வாங்குமுன் அது அடிக்கவேண்டும். ஆனால் இரவல் அணியில் அந்த ஆமையின் வேகம் 22! பையன் இதைப் பிழை என்று நினைத்தான். பயிற்சிப் புள்ளிகளை மாற்றி, குணத்தையும் மாற்றி, வேகத்தை 72 ஆக உயர்த்தினான். அதன்பின் தொடர்ந்து தோற்றான்.

பிழை ஆமையில் இருக்கவில்லை. அணியில் ஹாட்டரீன் என்ற இன்னொரு பிராணி இருந்தது. அது களத்தின் விதியையே தலைகீழாக்கும் உத்தி ஒன்றை உடையது: ஐந்து சுற்றுகளுக்கு, மெதுவானது முந்தும், வேகமானது பிந்தும். அந்த விதியின் கீழ் 22 என்பது பெருஞ்செல்வம். 72 அங்கே பிந்துகிறது. வழமையான விதியிலோ 150க்கு மேற்பட்ட வேகத்துடன் வருகின்றவற்றின் முன் அதுவும் பிந்துகிறது. எந்தக் களத்துக்கும் உதவாத வேகம் அது. அணியைக் கட்டியவனுக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் தெரிந்திருந்தது. இரவல் வாங்கியவனுக்கு எண்கள் மட்டுமே கிடைத்தன.

"ஏன் தோற்றேன்?" என்று சிவப்பு மையில் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இதைக் கண்டுபிடிக்கத் தனக்கு மூன்று வாரம் ஆனது என்றான். யாரும் சொல்லித்தரவில்லை.

அன்பர்களே, இந்த இடத்தில் எனக்குச் சினம் ஏற்பட்டது. பையன்மீது அல்ல. அவனைச் சூழ்ந்திருக்கும் நம்முடைய கல்விமுறைமீது. மூன்று வாரம் தோற்று, காரணம் தேடி, கண்டடைந்த ஒரு மாணவனை "உருப்படாதவன்" என்கிறோம். அதே வேளை, மாலை நான்கு மணிக்கு ரியூட்டரிக்குப் போய், ஆசிரியர் சொல்லக் கட்டுரையை எழுதி, மனனம் செய்து, பரீட்சைத் தாளில் கக்கிவிட்டு வருகிறவனைக் "கெட்டிக்காரன்" என்கிறோம். அந்தக் கட்டுரை யாருடைய அணி? அதில் ஆமையின் வேகம் ஏன் 22 என்று அவனுக்குத் தெரியுமா?

இதை வெறும் உவமையாகச் சொல்லவில்லை. நான் பணியாற்றிய நாளிதழ் ஒன்றில் பயிற்சி நிருபர்களுக்கான எழுத்துப் பரீட்சைத் தாள்களைத் திருத்தியிருக்கிறேன். வாசிப்பின் பயன் பற்றி எழுதச் சொன்னோம். ஏறக்குறைய ஒரே முன்னுரை, ஒரே மேற்கோள், ஒரே முடிவுரை. உயர்தரத்தில் நல்ல பெறுபேறு பெற்றவர்கள் அவர்கள். நேர்முகத்தில் "கடைசியாக வாசித்த புத்தகம் எது?" என்று கேட்டால் மௌனம். அந்தப் பிள்ளைகளில் நான் குறை காணவில்லை. வென்ற அணியைப் பிரதிபண்ணினால் போதும் என்று கற்பித்தவர்கள் நாம்.

போக்கிமொன் வரலாற்றிலேயே இதற்கொரு சான்றுண்டு. 2014 இல் வாஷிங்டனில் நடந்த உலகக் கிண்ணத்தைக் கொரியாவின் சேஜுன் பார்க் வென்றார். அவரது அணியில் பச்சிரிசு என்ற சின்னஞ்சிறு அணில் இருந்தது. போட்டிக்காரர் எவரும் பொருட்படுத்தாத பிராணி அது. அதே அணியில் கயரடோஸ் என்ற நீர்ப்பறவை வகைப் பிராணி இருந்தது. மின்னல் அதற்கு நான்கு மடங்கு ஆபத்து. அணிலோ எதிரியின் தாக்குதலைத் தன்பக்கம் இழுக்க வல்லது. அத்துடன் மின்னல் தாக்கினால் அதன் உயிர் கூடும். கயரடோஸின் பெரும்பலவீனத்தை அந்த அணில் மூடிநின்றது. அதனைத் தேர்ந்தது கருணையாலன்று, கணக்கால். அந்த அணிலை மட்டும் பிடுங்கி வேறோர் அணியில் நட்டுப் பாருங்கள். மீண்டும் அது வெறும் அணில்தான்.

மறுப்புகளை நான் அறிவேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

போர் தின்ற மண்ணில் பிள்ளைகளுக்குச் சண்டை விளையாட்டா என்று கேட்பவர் உண்டு. நானும் பையனிடம் அதையே கேட்டேன். "சாகிறேல்லை மாமா, மயங்கிறதுதான். பிறகு ஆசுபத்திரியில குடுத்தால் எழும்பிவிடும்" என்றான். ஓர் அடிகூடத் தோற்றவரின் மீது விழாத இந்தச் சண்டையை வன்முறை என்பீர்களாயின், யானையும் குதிரையும் வெட்டுப்படும் சதுரங்கத்தை என்னவென்பீர்கள்? 2024 டிசம்பரில் சென்னையின் குகேஷ் பதினெட்டு வயதில் உலகச் சதுரங்க வீரரானபோது நாமனைவரும் மெய்சிலிர்த்தோம். அதே ஆண்டு ஹொனலுலுவில் நடந்த போக்கிமொன் கோ உலகக் கிண்ணத்தில் இந்தியாவின் வேத் பம்ப் இரண்டாமிடம் பெற்றார். அது நம்மில் எத்தனைபேர் காதில் விழுந்தது?

நேரம் விரயமாகிறது என்பது இரண்டாவது மறுப்பு. இதை நான் ஒதுக்கமாட்டேன். இரவு பதினொரு மணி தவறு. கண்ணும் உறக்கமும் பரீட்சையும் பொய்யல்ல. விளையாட்டு எதுவும் அளவு மீறினால் சூதாகும். ஆனால் நேரத்துக்கு எல்லை போடுவது வேறு, அறிவுக்குப் பூட்டுப் போடுவது வேறு. நான் முதல்நாள் செய்தது இரண்டாவது.

அந்நிய நிறுவனத்தின் இலாபத்துக்கு நம் பிள்ளைகளா என்பது மூன்றாவது. நியாயமான கேள்வி. ஆண்டுக்காண்டு புதுப்பதிப்பு, புதுப்பொறி என்று வாங்கவைப்பதே வணிகத்தின் நோக்கம். புலம்பெயர்ந்த உறவுகளுக்கு இதைத் தனியே சொல்கிறேன்: விடுமுறைக்கு வரும்போது விலைகூடிய பொறிகளைக் கொண்டுவந்து இங்குள்ள பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். பையனுக்குத் தேவைப்பட்டது ஒரு பழைய தொலைபேசியும் ஒரு கொப்பியுமே. மின்கலமே தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனம் நாங்கள். கருவி குறைந்த இடத்தில் புத்தி வேலை செய்யும் என்பதை வன்னிக்கு எவரும் கற்பிக்கத் தேவையில்லை.

விளையாடும் இளைஞர்களுக்கும் ஒரு சொல். உங்களில் பெரும்பாலோர் செய்வதும் இரவல்தான். வென்றவரின் அணியை எடுத்து, தோற்றால் அதிர்ஷ்டத்தைத் திட்டி, அடுத்த அணியை எடுக்கிறீர்கள். 2023 இல் யோகோஹாமா உலகக் கிண்ணத்தில், முறைகேடாக உருவாக்கிய பிராணிகளைக் கொண்டுவந்தவர்கள் தகுதிநீக்கப்பட்டார்கள். வளர்க்க நேரமில்லை என்பது அவர்கள் தரப்பு வாதம். அது ஒருபுறமிருக்க, உங்கள் அணியின் ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் கேட்டால் உங்களால் சொல்ல முடியுமா? முடியாதாயின், உங்கள் தந்தையர் தொலைபேசியைப் பிடுங்கும்போது உங்களுக்காக நான் வாதாட வரமாட்டேன்.

ஆசிரியர்களிடம் நான் வேண்டுவது சிறிது. போக்கிமொனைப் பாடமாக்குங்கள் என்று சொல்லவில்லை. பாடமாக்கினால் அதற்கும் குறிப்புப் புத்தகம் அடித்து விற்றுவிடுவோம். மாணவன் தோற்றுவந்தால் "ஏன் தோற்றாய்?" என்று அவனிடமே கேளுங்கள். பிழைத்த கணக்குக்கு மேலே குறுக்குக் கோடு போடுமுன், எந்தப் படியில் பிழைத்தது என்று அவனையே தேடவிடுங்கள். அதற்கு மூன்று வாரம் எடுக்கலாம். எடுக்கட்டும்.

அன்று மாலை மச்சானிடம் என் தீர்ப்பைத் திரும்பப் பெற்றேன். கொப்பியை அவருக்குக் காட்டினேன். நெடுநேரம் புரட்டினார். விளங்கியதா என்று தெரியவில்லை. "இதெல்லாம் இவன் தானே எழுதினவனோ?" என்று மட்டும் கேட்டார். ஒன்பது மணிக்குத் தொலைபேசி தங்கையின் அலுமாரிக்குள் போகவேண்டும், கணக்குக் கொப்பியிலும் சிவப்பு மை வரவேண்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது.

அன்றிரவு ஒன்பது மணிக்குள் பையன் மூன்று ஆட்டம் ஆடினான். தன் சொந்த அணியுடன். ஆமையின் வேகம் 22. ஒன்றில் வென்று இரண்டில் தோற்றான். தொலைபேசியைத் தாயிடம் கொடுத்துவிட்டு வந்து, கொப்பியை விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தான்.