பேப்பர் யாருக்குச் சொந்தம்?

தருமபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டியில் பேப்பர் ஏஜென்டாக இருக்கிறேன். விடியுமுன் வேன் இறக்கிவிட்டுப் போகும் கட்டுகளைப் பிரித்து, இணைப்பைச் செருகி, லைன் போடும் பையன்களிடம் எண்ணிக் கொடுப்பது என் வேலை. டீக்கடை பெஞ்சில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "அண்ணே, இது எந்தக் கட்சி பேப்பர்?" என்பது. யாருக்குச் சொந்தம் என்று யாரும் கேட்பதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதல் கேள்வி. ஏன் என்பதற்கு எங்கள் பக்கத்துக் கதை ஒன்றே போதும்.

1965 அக்டோபர் 2 வரை தருமபுரியும் சேலம் மாவட்டம்தான். அந்த மாவட்டத்து ராசிபுரத்துக்காரர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. சித்த வைத்தியர், விடுதலைப் போரில் சிறை சென்றவர், 'தமிழ்நாடு' பத்திரிகையை நடத்தியவர். சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குச் சாதி பார்த்துப் பந்தி போட்டதை எதிர்த்து நின்றவரும் அவர்தான். 1932 செப்டம்பர் 5 அன்று சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழைத் தொடங்கினார்.

பேர் நின்றது, பேப்பர் அவர் கையில் நிற்கவில்லை. பணமுடை. சீக்கிரமே அது 'ஃப்ரீ பிரஸ்' நிறுவனத்தை நடத்திவந்த சதானந்திடம் போனது. அவர் காலத்தில்தான் 1934 செப்டம்பர் 11, பாரதி நினைவு நாளன்று, டி.எஸ். சொக்கலிங்கத்தை ஆசிரியராகக் கொண்டு 'தினமணி' வந்தது. சதானந்தும் கடனில் சிக்கினார். பணம் போட்டிருந்த ராம்நாத் கோயங்காவிடம், கோர்ட்டு வழக்குக்குப் பிறகு, எல்லாமே போய்ச் சேர்ந்தது. சொக்கலிங்கமும் பின்னாளில் தினமணியை விட்டு விலகி 'தினசரி' தொடங்கினார்.

இதைச் சொல்வது முதலாளியைத் திட்டுவதற்காக அல்ல. நெருக்கடி நிலை அறிவித்த கையோடு, 1975 ஜூன் 28 அன்று, தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டு அச்சடித்தது அதே எக்ஸ்பிரஸ். பிடிவாதக்காரர் ஒருவர் முதலாளியாக இல்லாமல் அது நடந்திருக்காது. ஆனால் மறுபக்கமும் உண்டு. ஆசிரியர் முல்காவ்கர் வெளியேற நேர்ந்தபின் அந்த இருண்ட மாதங்களில் பத்திரிகையைத் தாங்கியவர் வி.கே. நரசிம்மன். 1977இல் நெருக்கடி நீங்கியதும் நாற்காலி மறுபடி முல்காவ்கருக்கே போனது. நரசிம்மன் ஒதுங்க வேண்டியதாயிற்று. அரசாங்கத்தை எதிர்த்து நின்றதும் ஆசிரியரை நகர்த்தியதும் ஒரே முதலாளி.

1991இல் கோயங்கா காலமானார். அதன்பின் வாரிசுகளுக்குள் பாகப்பிரிவினை. வடக்குப் பதிப்புகள் விவேக் கோயங்காவுக்கு. தெற்குப் பதிப்புகளும் தினமணியும் மனோஜ் குமார் சொந்தாலியாவுக்கு. இங்கே நாம் 'தி நியூ இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்று வாங்குவது டெல்லியில் விற்கும் 'தி இந்தியன் எக்ஸ்பிரஸ்' அல்ல. நிறுவனம் வேறு, ஆசிரியர் வேறு. இரண்டும் ஒன்றென்று நினைத்துப் படிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

'தி இந்து' கதையும் கிட்டத்தட்ட இதுதான். 1878இல் ஆறு இளைஞர்கள் ஒன்றேமுக்கால் ரூபாய் கடன் வாங்கி 80 பிரதி அடித்தார்கள். 1905இல் கஸ்தூரிரங்க ஐயங்கார் அதை 75,000 ரூபாய்க்கு வாங்கினார். அன்றுமுதல் அது ஒரு குடும்பத்தின் சொத்து. இதற்கு மாறாக, எங்கள் ஊரில் நினைவிடம் கொண்டிருக்கும் சுப்பிரமணிய சிவா 1913இல் தொடங்கிய 'ஞானபாநு'வைக் கைமாற்றிக் காப்பாற்ற யாரும் வரவில்லை. அது சில வருடங்களில் நின்றது. கொள்கை மட்டும் இருந்தால் பத்திரிகை தொடங்கலாம். தினமும் அச்சடிக்கக் காசு வேண்டும். நீங்கள் என்னிடம் தரும் மாத பில்லில் அது ஓடுவதில்லை; பெரும்பகுதி விளம்பரத்தில் ஓடுகிறது. ஆக, காசு யாருடையது என்பது படிப்பவர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயரை ஒவ்வொரு பிரதியிலும் போட்டாக வேண்டும். கடைசிப் பக்கத்தின் அடியில், விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு ஊர்வதுபோல ஒரு வரி ஓடும், அதுதான். மார்ச் தொடக்கத்தில் 'படிவம் 4' என்று ஓர் அறிக்கையும் வரும். மூலதனத்தில் ஒரு சதவீதத்துக்கு மேல் வைத்திருப்பவர்கள் பெயர் அதில் இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டாலும் படிக்கச் சிரமம்.

1867ஆம் வருடத்துப் பத்திரிகைப் பதிவுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2024 மார்ச் முதல் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பதிவு ஆன்லைனில் எளிதாகிவிட்டது, நல்லது. வாசகனுக்கும் ஏதாவது செய்யலாமே? அந்த அறிக்கை முதல் பக்கத்தில், செய்தி எழுத்தின் அளவில் வரட்டும். உரிமையாளரின் மற்ற தொழில்கள் என்னென்ன என்பதும் அதில் இருக்கட்டும். அந்தத் தொழில்களைப் பற்றிச் செய்தி போடும் நாளில், இது எங்கள் உரிமையாளருடையது என்று செய்திக்கு அடியிலேயே ஒரு வரி சேர்க்கட்டும். இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நேர்மையான எந்தப் பத்திரிகையும் நாளைக்கே செய்யலாம். அப்படிச் செய்கிற பேப்பரை வீடு வீடாகச் சொல்லிச் சந்தா பிடித்துத் தர நான் தயார்.